திருச்சுழி பஸ்ஸில் வயர் மாட்டிப் படம் போட்ட ராமானுஜம்

ராமானுஜம் போய்விட்டானாம். இப்போதுதான் அவன் மகன் போன் பண்ணினான்... காலையில் அப்பன்காரன் காபி கேட்டிருக்கிறான், கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் உடனே நம்பவில்லை. "நல்லாப் பாத்தியாப்பா? சும்மா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பான்" என்றேன். ஆள் அப்படி.

அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ராமானுஜத்தை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீட்டுப் பழைய போட்டோவைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் அவன் சீல் இருக்கும். (நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் பண்ணுகிறாள். தப்பிருந்தால் அது அவளுடையது.)

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம். நான் திருச்சுழி பஸ்ஸில் கிளீனர்... பேருக்குத்தான் கிளீனர், வண்டியே என் கையில்தான் ஓடியது.

ராமானுஜம் மிலிட்டரி ஏலத்தில் ஒரு என்லார்ஜர் வாங்கியிருந்தான். சின்ன நெகட்டிவைப் பெரிய படமாகப் போட்டுத் தருகிற மெஷின். மதுரைக்குத் தெற்கே அது ஒன்றுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழி ரோட்டில் ஒரு ஊர். அங்கே முத்தையா என்று ஒரு பெரியவர். மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவன், சண்டை முடிந்தும் தகவல் இல்லை. அவன் முகம் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி நெகட்டிவில்தான், உள்ளங்கை அளவு.

அதைப் பெரிதாக்கி, திரும்பி வருகிற பட்டாளத்துக்காரர்களிடம் காட்டி விசாரிக்க வேண்டும் என்று பெரியவருக்கு எண்ணம். ஊரில் "மாலை போடத்தான்" என்று பேசிக்கொண்டார்கள். "மாலைக்கில்லடா, தேடுறதுக்கு!" என்று அடிக்கப் போவார்.

ஆனால் நெகட்டிவை ஸ்டூடியோவுக்குக் கொடுக்க மாட்டார்.

"கதவைச் சாத்திக்கிட்டு இருட்டுல செய்யிறது என்னய்யா வேலை? எம்மகன உள்ள விட்டுட்டு நான் வெளிய நிக்கணுமோ?"

அப்படியானால் மெஷின்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகலாம்... அந்த ஊரில் கரண்ட் கிடையாதே!

என்லார்ஜருக்கென்று தனியாக ஒரு கரண்டுப் பெட்டி. டவுன் கரண்டை வாங்கி, பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துப் பல்புக்குக் கொடுக்கும். நம்ம பஸ் பேட்டரியும் பன்னிரண்டு.

அப்புறம் பெட்டி எதற்கு? வயரைப் பிடுங்கி பஸ்ஸில் மாட்டு! இந்த ஐடியா என்னுடையது. ராமானுஜம் தன்னுடையது என்பான்... இனி அப்படிச் சொல்ல ஆளில்லை.

பெரியவர் வீட்டுப் பருத்தி அறைதான் டார்க்ரூம். ஜன்னல் இடுக்கில் பருத்தியையே அடைத்தோம், லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றினோம். பெரியவர் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் பல்பு வந்த வழியிலேயே ஆட்டத்தில் போய்விட்டது. பஸ் ஹெட்லைட் பல்பைக் கழற்றி மாட்டினேன்.

வாசலில் பஸ். பேட்டரி இறங்கக் கூடாதென்று டிரைவர் அண்ணன் என்ஜினை உறும விட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்குள்ளே நூறு பேர் இருப்பார்கள்.

"ஏலே, வண்டி கத்துது, நகர மாட்டேங்குதே! வீட்டுக்குள்ள என்னலே வயரு போகுது?"

"பெட்ரோலத் திருடுறாங்கய்யா!"

"வயர்ல எப்படிய்யா பெட்ரோல் போகும்?"

"இந்தக் கிளீனர் மொகரையப் பாத்தியா? இவன் மாட்டுனா போகும்!"

இங்கே பருத்தி அறையில் அதைவிட மோசம். வெளிச்சத்தைப் போட்டதும் பலகையில் பெரிதாக நெகட்டிவ் விழுந்தது... கருத்த முகம், வெள்ளை முடி.

"இது யாருய்யா கிழவன்? எம்மகனுக்கு இருபது வயசு. மாத்திட்டீகளா?"

"அய்யா, இது நெகட்டிவு. கருப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ளை கருப்பாத் தெரியும்."

"அப்ப நீ பேசுறதையும் திருப்பிப் போட்டுத்தான் கேக்கணுமா?"

ஹெட்லைட் பல்பின் கம்பி வேறு நெற்றியில் புழு மாதிரி விழுந்தது. "நெத்தியில என்னத்த விட்டீக?" அரிவாள் மடியிலிருந்து கைக்கு வந்துவிட்டது. பட்டம் செய்கிற வெள்ளைத் தாளைப் பல்புக்குக் கீழே கட்டினோம், புழு போயிற்று. அதுவும் என் ஐடியாதான்.

பெரிய போட்டோத் தாள் ஒன்றே ஒன்றுதான். தட்டுப்பாட்டுக் காலம், கெட்டால் வேறு கிடையாது. ராமானுஜம் அதைப் பலகையில் விரித்து ஓரத்தை நீவிவிட்டான்.

"ஏலே, வண்டிய மட்டும் அமத்த விட்டுறாத" என்றான். நான் கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்: "அண்ணே, கால எடுத்துறாதீக!"

மெஷின் விளக்கைப் போட்டு, எண்ணிக்கொண்டே இருந்து அணைத்தான். தாளை மருந்துத் தட்டில் போட்டான். ஒன்றும் வரவில்லை.

"வெறுந்தாளு" என்றார் பெரியவர்.

அப்புறம் முடி கருத்தது. புருவம்... கண்... தண்ணீருக்குள்ளிருந்து அவர் மகன் நிமிர்ந்து பார்த்தான்.

அரிவாளைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் ராமானுஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முகத்த இம்புட்டுக் கிட்டக்கக் கொண்டாந்துட்டீக. ஆளு எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. மறைக்காமச் சொல்லுங்கய்யா."

எதற்கும் ரெடியாகப் பதில் வைத்திருக்கிற பயல். "தெரியாதுங்கய்யா" என்று மட்டும் சொன்னான்.

அவர் நம்பவில்லை.

அதற்கப்புறம் அந்தப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நம்ம பஸ்ஸில்தான் ஏறுவார், மதுரை ரயிலடிக்குப் போக. அவர் காட்டாத பட்டாளத்துக்காரன் இல்லை. திரும்பும்போது அருப்புக்கோட்டையில் இறங்கி நேரே ஸ்டூடியோ வாசலில் நிற்பார். "இப்பவாவது சொல்றியா?"

நானாக இருந்தால் பின்பக்கமாக ஓடியிருப்பேன். ராமானுஜம் ஒருதரம்கூட ஒளிந்ததில்லை... கடையில் ஆள் இருந்தாலும் எழுந்து வெளியே வருவான், "தெரியாதுங்கய்யா" என்பான், டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவான்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஏலே, நெசமாவே உனக்கு ஒண்ணும் தெரியாதா?" முறைத்தான். அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

பெரியவர் கண் மூடுகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார். இவனும் எழுந்து எழுந்து வந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கார் அனுப்புகிறேன் என்றான் மகன், பஸ்ஸிலேயே வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

போய் வாலே, ராமானுஜம்...