மாமாவுக்கும் எனக்கும் தெரிந்த மூன்று

மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லித் தகவல் வருவதற்காகக் காத்திருந்த அந்த ஆனி மாதத்தில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிந்திருந்தது. ஓட்டம், கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். டாக்டர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அது பாக்கியாக இருந்ததுதான் என்னை ஆட்டி வைத்தது. அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கத் திரும்புவதற்குள் நான் தெருமுனைக்குப் போய், போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஒரு எடத்துல இரிலே. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்பாள்.

இந்த வேலையில் என்னைவிட ஆசை அதிகம் கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா கோயம்புத்தூர் மில்லில் இருந்ததால் விடியற்காலையில் என்னை எழுப்பி, சைக்கிளில் பின்னாலேயே வந்து ஓட வைத்தவர் அவர்தான். மாமா இளவட்டமாக இருந்தபோது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போயிருந்தார். ஓட்டத்தில் அவர்தான் முதல் ஆள். ஆனால் மருத்துவத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். காசு கேட்டார்கள், மாமா கொடுக்கவில்லை, அதனால் வேலை போனது என்பதுதான் எங்கள் ஊரான திருவேங்கடத்தில் தெரு முழுக்கத் தெரிந்த கதை. வரப்புத் தகராறோ பாகப் பிரிவினையோ எது வந்தாலும், "அவனக் கூப்பிடுங்கலே, வேலையே போனாலும் காசு குடுக்காத பய" என்று மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் அவரைவிடப் பெருமை. அம்மாவுக்கு மட்டும் அந்தக் கதையில் வேறு பாடம் இருந்தது. "இந்தத் தடவ கேட்டா குடுத்துருவோம்" என்று சொல்லிக் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொள்வாள்.

என் அலைச்சலைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் மாமா சொன்னார். "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். ஒரு குளி குளிச்சுட்டு வருவோம் வா. ஒன் சூடு எறங்கட்டும்."

எங்கள் ஊர் கரிசல் காடு. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழைக்கு எங்களிடம் ஏதோ பகை. குற்றாலத்தில் சாரல் என்று கேட்டாலே எங்கள் ஆட்கள் துண்டைத் தேடுவார்கள். லாட்ஜ் எடுத்துத் தங்குவதெல்லாம் எங்கள் வகையில்லை. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, ஒரு சோப்பு டப்பா, மாற்றுத் துணி எல்லாம் ஒரே மஞ்சள் பைக்குள். சங்கரன்கோவிலில் ஒரு பஸ், தென்காசியில் ஒரு டவுன் பஸ். ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே போனேன்.

குற்றாலத்தில் இறங்கியதுமே அருவிச் சத்தம் சரியில்லை என்று தெரிந்தது. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. கயிறு கட்டி, மழைக்கோட்டுப் போட்ட ஒரு போலீஸ்காரர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என் வயதுதான் இருக்கும். தண்ணீரை விட்டுவிட்டு அவர் தொப்பியையும் பெல்ட்டையும் பார்த்தேன்.

"அடுத்த வருசம் இங்கன நின்னு நீ எங்களத் தொரத்துவ" என்றார் மாமா.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் வந்து, தேய்த்து முடிப்பதற்குள் தடையை எடுத்துவிடுவார்கள் என்று ஆசை காட்டினார். எடுக்காவிட்டால் எண்ணெய்த் தலையோடு பஸ் ஏற வேண்டும் என்று மாமா நகர்ந்துவிட்டார். பஸ்ஸுக்குக் கொடுத்தது வீணாகப் போகக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே குணம். எதையாவது பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது. அப்போதுதான் தென்காசி ரோட்டில், பழைய கல்யாண மண்டபம் ஒன்றில், 'தொட்டுப் பாருங்கள், அறிவியல்' என்ற போர்டு கண்ணில் பட்டது. அருவியில் குளிக்க முடியாமல் நனைந்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் ஒதுங்கியிருந்தார்கள். டிக்கெட் இரண்டு டீயின் விலைதான்.

எனக்கு ஏற்ற இடம் அது. எதையும் படிக்கவேண்டியதில்லை, தொட்டால் போதும். கண்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். சைக்கிளை மிதித்தால் பல்பு எரியும் என்றார்கள். எல்லாப் பல்பும் எரிகிற வரை மிதித்தேன். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்துச் சாய்த்தால் நாமே திரும்பிவிடுவோம். மாமாவை உட்கார வைத்து வேட்டி பறக்கச் சுற்ற விட்டேன். தலைமுடியை எழுப்பி நிறுத்துகிற மின்சார உருண்டை ஒன்றும் இருந்தது. சாரல் ஈரத்தில் அது வேலை செய்யாதாம். "குத்தாலத்துல கொண்டாந்து வச்சிருக்கான் பாரு" என்று மாமா சிரித்தார்.

அடுத்த சுவரில் வட்ட வட்டமாகப் படங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நூற்றுக்கணக்கான புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டுக் கீழே இருக்கும் பலகையைத் தூக்கினால் விடை. முதல் வட்டத்தில் பன்னிரண்டு. இருவரும் ஒரே குரலில் சொன்னோம். பலகையிலும் பன்னிரண்டு.

இரண்டாவது வட்டம். "மூணு" என்றேன். "மூணேதான்" என்றார் மாமா. பலகையைத் தூக்கினால் எட்டு என்றிருந்தது.

"தப்பாப் போட்டிருக்கானுவ."

அடுத்ததில் எழுபது தெரிந்தது. இருவருக்குமே எழுபதுதான். பலகையில் இருபத்தொன்பது. அதற்கடுத்த வட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் புள்ளிகள். சாயம் போயிருக்கும் என்று நான் சொல்ல, சாரல் காற்றுக்குப் பின்னே என்ன ஆகும் என்று மாமா தலையாட்டினார். ஒருவருக்கொருவர் சாட்சி இருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருத்தன் தப்பாகப் பார்க்கலாம், இரண்டு பேருமா தப்பாகப் பார்ப்பார்கள்? மாமா ஊர்ப் பஞ்சாயத்துக் குரலில் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்கன கொஞ்சம் வாங்க. ஒங்க அட்டையெல்லாம் மாறிக் கெடக்கு. பிள்ளையளு தப்பாப் படிச்சிரும்லா."

அவள் வந்து வட்டத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. டீச்சர் விரல் காட்டக் காட்டப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. எங்களுக்கு ஒன்றுமே தெரியாத வட்டத்திலும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமா ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தினார். "ஏட்டி, நல்லாப் பாத்துச் சொல்லு. இது மூணுதான?"

"எட்டு தாத்தா" என்று அவள் விரலால் வரைந்து காட்டினாள். விரல் போன வழியில் பாதிக்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

விளக்கம் சொல்லும் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, பிறவியிலேயே வருவது, கண்ணுக்கு வேறு குறை இல்லை என்றாள். அம்மா வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும், அம்மாவின் கண்ணில் எந்தக் குறையும் தெரியாது என்றாள். "நீங்க இவருக்கு என்ன வேணும் சார்?"

"தாய்மாமன்" என்றார் மாமா.

"அதான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியுது" என்றாள். எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது, அந்தச் சுவர் மேல், பத்து வயதுப் பிள்ளைகள் மேல். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். போலீஸ் மெடிக்கலில் இதைக் காட்டுவார்களா என்று கேட்டேன். காட்டுவார்கள் என்றுதான் கேள்வி என்றாள். நான் வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். மூன்றுதான். அதில் எட்டு வரவே இல்லை.

மாமா அசையாமல் அதே இடத்தில் நின்றார். "இத நான் பாத்திருக்கேன்லே" என்றார். "பட்டாளத்துக்குப் போனேன்லா, அங்கன. பொஸ்தகமா வச்சிருந்தாரு டாக்டரு. பக்கம் பக்கமாத் திருப்புனாரு. ஒரு எடத்துலயும் திக்காம எல்லாத்தையும் சொன்னேன்." மறுபடியும் சொன்னார். "ஒரு எடத்துலயும் திக்கல."

அப்புறம் அவர் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணை மறுபடியும் பிடித்து, சுவரில் இருந்த வட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொல்ல வைத்தார். "மனப்பாடம் பண்ணுலே. ஒன்னால முடியும். திருக்குறள் ஒப்பிச்சவன்தான நீ." காசு கொடுக்காத பெருமையோடு இத்தனை வருடம் தலைநிமிர்ந்து நடந்தவர் எனக்குக் கள்ளப் பாடம் சொல்லிக் கொடுத்தார். நானும் படித்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி புளிச்சோறு தின்னும்போதும் ஒப்பித்தேன். சங்கரன்கோவில் பஸ்ஸில் அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது.

"மாமா, பொஸ்தகத்த நடுவுலேருந்து தொறந்தா?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வருகிற வரைக்கும் அடுத்த கேள்வியும் கேட்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். "எம் பிள்ள கண்ணுல ஒரு கொறையும் கெடையாது. புள்ளி வச்சு ஏமாத்துதானுவ. எல்லாம் காசு பிடுங்கத்தான். அன்னைக்கு ஒனக்குப் பண்ணுனதும் இதுதான?" சங்கிலியைக் கழற்றி மாமா முன்னால் வைத்தாள். "அடகு வச்சிட்டு வா. யாரப் பாக்கணுமோ பாரு. ஒன்ன மாதிரி இவனும் திரும்பி வரக் கூடாது."

மாமா சங்கிலியைத் தொடவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"அக்கா, அன்னைக்கு எங்கிட்ட ஒருத்தனும் காசு கேக்கல."

அம்மா சங்கிலியை இன்னும் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவரே சொன்னார். "ஆகாதுன்னு மட்டும் சொன்னாவ. ஏன்னு சொல்லல. ஓட்டத்துல மொத ஆளு, பொஸ்தகத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன், பெறவு ஏன் ஆகாது? எனக்கு ஒண்ணும் வெளங்கல. பஸ்ஸ விட்டு எறங்குனா, நம்ம தெருவே நின்னு கேக்கு, காசு கேட்டானாலேன்னு. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"அப்பிடியே விட்டுட்டியாலே?"

"பெறவு அதச் சொல்லியே மரியாத குடுத்தாவ. எப்பிடி மாத்த?"

அம்மா சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கொக்கி மாட்டாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். எனக்கு மாமா மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நான் ஓடிய விடியற்காலையெல்லாம் அந்தக் கதையை நம்பித்தான் ஓடினேன்.

தகவல் வந்தது. போனேன். புத்தகத்தை நடுவிலிருந்துதான் திறந்தார்கள். நான் படித்த வரிசை எதற்கும் ஆகவில்லை. அதே வரிசையாக இருந்திருந்தாலும் ஒப்பித்திருப்பேனா என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டாக்டர் நல்ல மனிதர்; ஏன் ஆகாது என்பதை எனக்குப் புரியும்படி சொன்னார்.

ஊரில் இறங்கியபோது பஸ் ஸ்டாப் டீக்கடையில் மாமா இருந்தார். நான் வரும் வரைக்கும் காத்திருந்திருக்கிறார் என்பது அவர் கிளாஸில் ஆடை படிந்திருந்ததிலேயே தெரிந்தது. என் நடையைப் பார்த்தே பெஞ்சில் இருந்தவர்களுக்கு முடிவு விளங்கிவிட்டது. எல்லோரிலும் மூத்தவர் கேட்டார்.

"என்னலே, காசு கேட்டானுவளோ?"

மாமா கிளாஸைக் கீழே வைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தோற்றவன் இல்லை என்றாகிவிடும். தெருவே என் பக்கம் நிற்கும், நாளைக்கு என்னையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடும். அந்த வார்த்தை எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாமாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மேல் இருந்த கோபமும் அங்கேயே போய்விட்டது.

"இல்ல தாத்தா. யாரும் எதுவும் கேக்கல. எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறவியிலேயே அப்பிடி."

பெரியவருக்கு நம்பிக்கையில்லை. மாமா பக்கம் திரும்பினார். "ஒன் மருமவன் என்னமோ சொல்லுதான் பாரு."

"சரியாத்தான் சொல்லுதான்" என்றார் மாமா. "எனக்கும் தெரியாது. என்னையும் அதுக்குத்தான் திருப்பி அனுப்புனாவ."