தாலி கட்டாதவரிடம் விவாகரத்து

சுங்கைப்பட்டாணி பதிவிலாகாவில் முகப்பில் இருந்த மலாய்ப் பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். "உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதே" என்று மலாயில் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு யாருடைய அடையாள அட்டையையோ பார்க்கிறீர்கள் என்று, மேடம் என்பதற்கு மலாயில் சொல்கிற 'புவான்' போட்டுச் சொன்னேன். அவர் ஓர் ஆணின் பெயரை வாசித்தார். அதற்கு மேல் எனக்குச் சிரிக்க வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கென்று லீவு எடுத்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணப் பதிவுக்குப் பெயர் கொடுக்க வந்த இடத்தில் பெண் இன்னொருவன் மனைவி என்று கேட்டால் யாருக்குத்தான் முகம் மாறாது? காரில் ஏறி, பீடோங்கில் என் வீடு வரும் வரைக்கும் அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"ஒருத்தரோட கல்யாணம் நின்னு போச்சுன்னு சொன்னேன்லா" என்று நானே ஆரம்பித்தேன்.

"நின்னு போச்சுன்னு சொன்னே. ரிஜிஸ்டர் பண்ணுனதச் சொல்லலையே."

"ரிஜிஸ்டர் எல்லாம் ஒரு கல்யாணமா?"

"கவர்மெண்டுக்கு அதான்லா கல்யாணம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் பதிவிலாகாவில் கையெழுத்து. அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை அவர் வீட்டுக்கும் பெண் அவள் வீட்டுக்கும் போய்விடுவார்கள். நாலைந்து மாதம் கழித்து நல்ல நாள் பார்த்துத் தாலி ஏறும். அதற்குள் அந்தப் பெண் அந்த ஆண் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டால் ரப்பர் தோட்டமே பேசும். கையில் கல்யாணப் பத்திரம் இருக்கிறதே என்று ஒருத்தரும் சமாதானம் சொல்ல மாட்டார்கள்.

நானும் எட்டு வருடம் முன்னால் அப்படித்தான் ஒருவரோடு கையெழுத்துப் போட்டேன். நான் வேலை செய்த தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்க வந்துபோனவர். கத்தோலிக்கர். பிரியப்பட்டுத்தான் போட்டோம். அதற்கப்புறம்தான் வந்தது வினை. சர்ச்சில்தான் நடக்க வேண்டும் என்று அவருடைய அம்மா, தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் தாலி ஏற வேண்டும் என்று என் அம்மா. இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றார்கள். மோதிரமா தாலியா என்பதில் தொடங்கி, யாருடைய சாமி பெரியது என்பது வரைக்கும் போய்விட்டது பேச்சு. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு சாயங்காலம் அவர் பீடோங் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். "கோயிலும் வேணாம், சர்ச்சும் வேணாம். நமக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, வா போலாம்" என்றார். "தாலி இல்லாம கூட வர்றதுக்கு நான் என்ன அப்படிப்பட்டவளா?" என்று கேட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். பிறகு போன் நம்பரை மாற்றினேன். அவர் வாங்கிக் கொடுத்த மோதிரம் ஆள் மூலமாகத் திரும்பிப் போனது. கணக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆறு மாதத்துக்குள் தாலி ஏறாவிட்டால் ரிஜிஸ்டர் தானாகவே ரத்தாகிவிடும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அந்த வட்டாரமே அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன். தொழிற்சாலையில் எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னாலும் திருமணம் ஆகாதவள் என்றே எழுதி வந்தேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. லாரிக்காரரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு நான் வேண்டும் என்பதைவிட எனக்கு அவர் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது என்னைச் சிரிக்க வைத்துவிடுகிற மனிதர். அவருடைய அக்காவுக்கு விஷயம் எட்டியதும், "இன்னொருத்தன் பொண்டாட்டிய நாம எதுக்கு எடுக்கணும்?" என்று ஆரம்பித்துவிட்டார். லாரிக்காரரோ, "சட்டப்படி முடிச்சிட்டு வா, நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். எவ்வளவு காலம் இருப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அலோர் ஸ்டாரில் வசதியில்லாதவர்களுக்கு வழக்குப் பார்க்கிற சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு தமிழ் வழக்கறிஞர் இருந்தார். என் அம்மா வயதில் பாதிகூட இராது, ஆனால் என்னை 'மா' போட்டுத்தான் பேசினார். நான் என் கதையை முழுக்கச் சொல்லி, "தாலியே ஏறலையே மேடம்" என்று முடித்தேன்.

"சட்டம் உங்க கழுத்தப் பாக்காதும்மா, கையெழுத்தத்தான் பாக்கும்" என்றார். "அவரும் சம்மதிச்சா ரெண்டு பேருமா சேந்து மனு போடலாம். சீக்கிரம் முடியும். அவரு மாட்டேன்னா, மொதல்ல பதிவிலாகாவோட சமரசக் குழுவுக்குப் போகணும். அங்க ஒத்து வரலேன்னாதான் கோர்ட்டு. இழுக்கும்."

"என்னா சமரசம் பண்ணுவாங்க? நாங்க சண்டையே போடலையே."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மொதல்ல அவரப் போய்ப் பாருங்கம்மா" என்றார்.

விசாரித்ததில், அவர் கோலா கெடாவில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறார் என்று தெரிந்தது. அம்மா கூட வருகிறேன் என்றார். நீங்கள் வந்து கெடுத்தது போதும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

லங்காவித் தீவுக்குப் போகிற பெர்ரித் துறையைத் தாண்டிப் பட்டறை. முழங்கை வரைக்கும் எண்ணெயோடு நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. வேறொருவரைக் கட்டப் போகிறேன், நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"போட மாட்டேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "எட்டு வருஷம் செத்தியா பொழைச்சியான்னு கேக்கல. இப்ப வந்து புருஷன் வேஷம் போடுறீங்களா?"

"நம்பர மாத்துனது யாரு?"

"வீடு தெரியாதா உங்களுக்கு?"

"வந்தேன். ரெண்டு வாட்டி வந்தேன். ஒங்கம்மா கதவத் தொறக்கல."

இது எனக்குப் புதுச் செய்தி. அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. "நீங்க ஏன் இன்னும் யாரையும் கட்டல?" என்று கேட்டேன்.

"அம்மா பொண்ணு பாத்தாங்க. சர்ச்சுல நடக்காதது கல்யாணமே இல்லேன்னு ஃபாதர்கூடச் சொல்லிட்டாரு. கவர்மெண்டுல மட்டும் போய் ரத்து பண்ணிட்டு வான்னாரு." துணியைக் கீழே வைத்தார். "ஆனா பதிவிலாகாவுல அந்த மேசைக்கு முன்னாடி நின்னு, இவள என் மனைவியா ஏத்துக்கிறேன்னு நான் சொன்னேன்லா. விளையாட்டுக்கா சொன்னேன்?"

"நானுந்தான் சொன்னேன்" என்றேன்.

"நீ சொன்னது ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அழுதுகொண்டும் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "வந்தாரா இல்லையா? சொல்லுங்க!" அம்மா சோற்றுப் பானையை இறக்குவது மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு, "வந்தான். நீ மனசு மாறி ஓடிருவேன்னு பயந்தேன்" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சமரசக் குழுவுக்கு மனுப் போட்டோம். நோட்டீஸ் போனது. அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எங்களை உட்கார வைத்தார்கள். அதிகாரி ஒரு மலாய் அம்மா, பொறுமையானவர். என்னைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அடித்தாரா? இல்லை. குடியா? இல்லை. வேறு பெண்? இல்லை. செலவுக்குக் கொடுக்காமல் விட்டாரா? நான் கேட்டதே இல்லை.

"அப்படியானால் கணவர் மேல் என்ன குற்றம்?"

எதையாவது சொல்லித் தொலைத்தால் கோர்ட்டுக்கு வழி பிறக்கும் என்று பஸ்ஸில் வரும்போதே இரண்டு மூன்று பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். லாரிக்காரரின் அக்கா அப்போதே வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். எனக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்தில் அந்த மனிதர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை போகவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், விரல் சிவந்திருந்தது.

"அவர் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு மலாயிலும் சொன்னேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். இனி இது வருடக்கணக்கில் இழுக்கப் போகிறது, என் கல்யாணம் போனது என்று நினைத்தேன். அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தவர், "நான் சம்மதிக்கிறேன், புவான். சேந்தே மனு போட்டுக்கிறோம்" என்றார். வெளியே வந்ததும், ஏன் என்று கேட்டேன்.

"நீ என்னா சொல்லுவேன்னு கேக்கத்தான் வந்தேன். கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. வழக்கறிஞர் மனுவை எழுதினார். பிள்ளைகள், இல்லை. சொத்து, இல்லை. ஜீவனாம்சம், வேண்டாம். பிரித்துக் கொடுக்க ஒரு கரண்டிகூடக் கிடையாது. இவ்வளவு சுலபமான விவாகரத்தை நான் பார்த்ததே இல்லை என்று அவரே சொன்னார்.

கோர்ட்டு நாளில் லாரிக்காரரும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் முன்னால் நின்றோம். எனக்கு மலாய் தெரியும், ஆனால் கோர்ட்டில் உளறிவிடுவேன் என்று பயந்து தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தேன். அவர் எங்களைக் 'கணவர்', 'மனைவி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை மனைவி என்று என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

நீதிபதி தாளைப் புரட்டினார். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த முகவரி இதில் இல்லையே என்றார். எங்கள் வழக்கறிஞர் எழுந்து, அவர்கள் ஒரு நாளும் சேர்ந்து வாழவில்லை, கனம் நீதிபதி அவர்களே என்றார். நீதிபதி எங்களிடமே கேட்டார். "ஆமாங்க, வாழல" என்றேன். அவரிடம் கேட்டார்.

"வீடு இருந்துச்சு" என்றார் அவர். "ரிஜிஸ்டர் பண்ணுன மறுநாளே கோலா கெடாவுல வாடகைக்கு எடுத்துட்டேன். கட்டில், அடுப்பு எல்லாம் வாங்கிப் போட்டேன். இவளுக்கு மீன் வாடை ஆகாது. அதனால ஆத்த விட்டுத் தள்ளி உள்ளாரப் பாத்து எடுத்தேன். பஸ் ஸ்டாப்புல வா போலாம்னு கூப்புட்டது அந்த வீட்டுக்குத்தான். இப்பவும் அங்கதான் இருக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார், ஒன்றும் விடாமல். கட்டிலையும் அடுப்பையும்கூட விடவில்லை. நீதிபதி என் பக்கம் திரும்பினார். "மனைவிக்கு இந்த வீடு தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"இப்போதும் மனைவி விவாகரத்துக் கேட்கிறாரா? சொந்த விருப்பத்தோடு?"

பின்பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறவர் இருந்தார். பக்கத்தில் எட்டு வருடமாகக் காத்திருந்தவர் இருந்தார். எனக்கு யார் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "விவாகரத்து வேணும்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். நான் திரும்பி, என் கணவரைப் பார்த்து, "என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து, அதையும் நீதிபதிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார்" என்றேன். "அது இவருக்குச் சொன்னது."