நான்காவது வருடம்

பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டத்துக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். சேர்ந்தால் மூன்று வருடப் படிப்பு நான்காகும். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, தீவில் இருந்த எங்கள் ஊரான மடத்துவெளிக்குப் போனேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கில் இருந்த தன் கடை எரிந்த பிறகு அப்பா வீட்டோடுதான் இருந்தார். குசினியில் அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னும் ஒரு வருசமோ?" என்றார் அப்பா. "கம்பஸ் எப்ப பூட்டும், எப்ப திறக்கும் எண்டே தெரியேல்லை. கெதியா முடிச்சு ரீச்சர் வேலையை எடு, பிள்ளை."

"எனக்கு அது விருப்பமில்லை, அப்பா."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அம்மாவின் கை நின்றது. அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றேன். அப்பா சைக்கிளில் வந்தார்.

"என்ன சொல்லப் போறீர்?"

கோபம் வந்தால்தான் அவர் என்னை 'நீர்' என்பார்.

"சேரப்போறன்."

"நான் ஏலாது எண்டால்?"

பஸ் வந்தது. ஏறினேன். அவர் மறிக்கவில்லை.

சேர்ந்தேன்; சண்டையால் கம்பஸ் அடிக்கடி பூட்டப்பட்டதில் படிப்பு முடிய ஆறு வருடமானது. அதற்குள் தீவை விட்டு இடம்பெயர்ந்து, அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் என் வாடகை அறைக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.