அரை ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தேவியைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். பஸ்ஸில் அவளுக்கு அரை டிக்கெட். அதில் அவளுக்கு வருத்தம். "ஆறாவது படிக்கிறேன்... இன்னும் அரையாப்பா?"

அங்கே என் மைத்துனர் மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிறுமி, மல்லிகா. தேவி வயதுதான். கை பறந்தது.

"ஏழு ஆளு, ஒரு அரை ஆளு வந்திருக்குது" என்றார் மைத்துனர்.

"அரை ஆள் யாரு மாமா?" என்று கேட்டாள் தேவி.

"தோ, மல்லிகாதான். சின்னப் பசங்களுக்கு அரைக் கூலி."

"அவ கூடைதான் மாமா ரொம்பி இருக்கு."

மைத்துனர் சிரித்து மழுப்பினார். என் பக்கம் திரும்பி, "புள்ளைங்கன்னா கூலி கம்மி. எதிர்த்தும் பேசாதுங்க" என்றார் மெதுவாக.

டிரான்சிஸ்டரில் மழை வரும் என்று சொன்னார்கள். வானமும் இருட்டியது. மைத்துனர் மல்லிகாவின் அம்மாவைக் கூப்பிட்டார். "முனியம்மா, நாளைக்கும் பொண்ணைக் கூட்டியாந்துடு. நனைஞ்சா காய் முளைச்சிடும்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம்ணா. இனிமே வரலைன்னா பேரை எடுத்துடுவேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"எடுத்தா என்ன, கலெக்டர் வேலையா போயிடப்போவுது?"

முனியம்மா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். "இவ அப்பா படுத்த படுக்கையா கீறாரு. பொம்பள ஆளுன்னு நீங்க எனக்குக் குடுக்கிறது பத்தல. அந்தக் கொறைக்குத்தாண்ணா இவ வர்றா. எனக்குக் கூட்டிக் குடுங்க, நான் வர்றேன். இவ வரமாட்டா."

"கூட்டித் தரலைன்னா?"

"நானும் வரல. மழைகிட்ட பேசிக்குங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவரும் செடியைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக... எல்லாருமே.

மைத்துனர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் வானத்தைப் பார்த்தேன்.

"சரி சரி, எல்லாருக்கும் கூட்டித் தர்றேன். செடியைத் தொடுங்கம்மா."

குழந்தைகளே, பெற்றவர்களுக்குப் பாசம் இல்லாமலா பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள்? இல்லை. பெரியவர்களின் கூலி போதாதபோது அந்தக் குறையை நிரப்பச் சின்னக் கைகள் வருகின்றன. சின்னக் கை மலிவாகக் கிடைக்கும்வரை பெரிய கைக்குக் கூலி ஏறுவதும் இல்லை. இப்படி ஒரு முடிச்சு – அதில் ஒரு சுற்றை முனியம்மா அன்றைக்கு என் கண்ணெதிரே அவிழ்த்தார். எவ்வளவு தைரியம்!

திரும்பும்போது கண்டக்டர் கேட்டார். "பாப்பாவுக்கு அரையா?"

தேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டிக்கெட்தாங்க அரை."