மெழுகுவர்த்தி அணைந்த கிணறு

சபையில் உள்ள என் சொந்தங்களே, நான் எழுந்து நின்றாலே நீங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். செத்த நேரம் அடக்கிக்கொள்ளுங்கள். போன பங்குனியில் என் தங்கச்சி புருஷன் என்னால் சாகக் கிடந்தார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நானும் மாப்பிள்ளை அன்புவும் மோட்டார் மெக்கானிக் ஜமால் பாயிடம் வேலை பார்க்கிறோம். அன்று நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் வேலை. பல மாதமாக இறைக்காத கிணறு. பாய் பேரிங் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரே சட்டம்தான். கிணற்றில் இறங்குமுன் வாளிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கயிற்றில் விட வேண்டும். சுடர் அணைந்தால் கீழே விஷக்காற்று. யாரும் இறங்கக் கூடாது.

வாளியை விட்டேன். பாதியிலேயே அணைந்தது.

“மச்சான், அணைஞ்சிருச்சே” என்றார் மாப்பிள்ளை.

“காத்துக்கு அணைஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல தூங்கிட்டீங்களா? நமக்குச் சட்டம் கிடையாது மாப்ள, கிருபைதான். பயமா இருந்தாச் சொல்லுங்க, தங்கச்சிய வரச்சொல்லி கையப் பிடிச்சு எறக்கிவிடச் சொல்றேன்.”

கல்யாணமாகி நாலு மாதம்தான். ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று படியில் இறங்கினார்.

கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருக்கும் மேடையை எட்டியதும், “தலை சுத்துது மச்சான்” என்றார். நடிக்கிறார் என்று சிரித்தேன். நான் அப்படி நடித்து அவரை எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறேன்! அப்படியே மேடையில் சரிந்தார். கூப்பிட்டேன். கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

படியில் காலை வைத்தேன். ஒரு கை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. பாய் திரும்பி வந்திருந்தார்.

“ஏலே, எங்க போற? மெழுகுவர்த்தி அணைஞ்சுச்சா? அத மட்டும் சொல்லு.”

“அணைஞ்சுச்சு பாய். நாந்தான் எறங்கச் சொன்னேன்.”

அடிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. மாங்கொப்புகளை ஒடித்துக் கயிற்றில் கட்டினார். உள்ளே காற்றைக் கலக்க இருவரும் அதை மேலும் கீழுமாக ஆட்டினோம். மறுபடி மெழுகுவர்த்தியை விட்டோம். அணைந்தது. மறுபடி கொப்பை ஆட்டினோம். என் கை தோல் உரிந்தது.

சின்ன வயதில் பத்துக் கட்டளையையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். அன்று ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. “ஏசப்பா, தப்பு என்னோடது. அந்தத் திரி அணையக் கூடாது.” அவ்வளவுதான் என் ஜெபம்.

மூன்றாவது முறை வாளி இறங்கியது. சுடர் குனிந்தது. பொட்டளவு சுருங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

பாய் இடுப்பில் கயிறு கட்டினார்.

“நான் போறேன் பாய்.”

“நீ கயித்தப் பிடி. இதுல வெளையாடுன, தொலச்சிருவேன்.”

பிஸ்மில்லா சொல்லி அவர் இறங்கினார். மேலே நான் ஏசப்பா, ஏசப்பா என்று பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டம் போட்டவரே, அதை மீறினவனுக்காக உள்ளே போனார்.

பாய் மேலே கொண்டுவந்த மாப்பிள்ளை மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் கண் திறந்தார். தங்கச்சி முன்னாலேயே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார்.

“பிரசங்கத்துல தூங்குனது நீங்கதான் மச்சான்.”

அழுதுவிட்டேன். முதலில் சிரித்தது தங்கச்சிதான்.

விஷம் இருக்கிறது என்று மெழுகுவர்த்தி காட்டியது. விழுந்தவரைத் தூக்க அதனால் முடியவில்லை. அதற்கு ஒருவர் இறங்க வேண்டியிருந்தது. கட்டளை எதற்கு, கிருபை எதற்கு என்று எட்டாங்கிளாஸ் தாண்டாத எனக்கு அன்றுதான் விளங்கியது. கிருபை கிடைத்த பிறகு நான் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் போடவில்லை. இப்போது இரண்டு தடவை இறக்கிப் பார்க்கிறேன். “போதும்டா அப்பு” என்று பாயே சலித்துக்கொள்கிறார்.

உங்களில் யாருக்காவது உள்ளே சுடர் அணைந்திருந்தால், என்னைப் போல் காற்றின் மேல் பழி போடாதீர்கள். அணைந்தது என்று ஏசப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அவர் இறங்கி வருவார். நான் பார்த்திருக்கிறேன்.