ஒரு கோட்டுக்குள் இரண்டு பேர்

தம்பி பிறந்த குளிர்காலத்தில் அம்மா அதிகம் கதைப்பதில்லை. டூங்கபியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரேயொரு ஹீட்டர். அதன் முன்னால் கதிரையைப் போட்டு, யன்னலுக்கு வெளியே நிற்கும் பனிப்புகாரைப் பார்த்தபடி இருப்பார். தம்பி அழுவான். அது ஏதோ தூரத்து வீட்டில் கேட்கிற சத்தம் போல அம்மா அசையாமல் இருப்பார். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ஜப்பான் அன்ரி பெரிய கோட்டு ஒன்றோடு வந்தார். கருநீலத் துணி, உள்ளே பஞ்சு, கழுத்தில் கறுப்பு வெல்வெட். நென்னெக்கோ என்று பேர் சொன்னார். தன் பிள்ளைகள் அதற்குள்தான் வளர்ந்தார்களாம். நீளப் பட்டியால் தம்பியை அம்மாவின் முதுகோடு கட்டினார். மேலே கோட்டைப் போர்த்தி, அகன்ற கைகளுக்குள் அம்மாவின் கைகளை விட்டு, நெஞ்சில் நாடாவை முடிந்தார். ஒரே கழுத்துக்குள்ளிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

அம்மா பின்வளவில் இறங்கி, உடுப்புக் காயப்போடும் கம்பியைச் சுற்றி நடந்தார். புகாருக்குள் கால்கள் தெரியவில்லை. கோட்டு மட்டும் மிதந்து போய், கரைந்து, திரும்பி வந்தது. தம்பி நித்திரையாகிப் போனான். அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடினார். பிறகு எல்லாக் காலையும் அப்படித்தான்.

நானும் உள்ளே வரட்டோ என்று ஒருநாள் கேட்டேன்.

“நீ பெரிய பிள்ளையெல்லோ,” என்றார் அம்மா.

அன்று பின்னேரம் கோட்டைச் சுருட்டி என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

மறுநாள் அம்மா அதைத் தேடவேயில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா வேலைக்குப் போகவில்லை. தம்பிக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு, குசினிக் கதவைச் சாத்தி யாருடனோ போனில் மெல்லக் கதைத்தார். வெளியே வந்தவர் என் முன்னால் குந்தினார்.

“பிள்ளை இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டாம். அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருங்கோ. நான் குளிக்கப் போனாலும் அம்மாவைத் தனிய விட்டிட்டு எழும்பிப் போகக்கூடாது.”

மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. கோட்டை இழுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்து, நான்தான் ஒளித்தேன் என்றேன். அம்மா ஏசவில்லை. வெல்வெட்டை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல எழும்பி இருந்தார்.

“தம்பியைத் தூக்கிக்கொண்டு வா,” என்றார்.

அப்பா பட்டியைக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். குளிரில் விரல் விறைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

நான் தண்டித்தது தம்பியை என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த நாட்களில் அம்மாவின் கட்டிலில் சாய்ந்து, பள்ளிக்கூடம் இல்லாத சந்தோஷத்தில் படங்களுக்குக் கலர் அடித்தேன். என்னை அங்கே எதற்குக் காவலுக்கு இருத்தியிருந்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.