ஆளில்லாத அழைப்பு

ஆரியசாலையில் எங்கள் மொத்தக்கடை அலுவலகத்துக்கு இண்டர்நெட் போன் பொருத்த வந்தவர் மலையாளம் கலந்து பேசும் ஒல்லியான மனிதர். எந்தப் போனை எடுக்கும் முன்னும், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார்.

இணைப்புக் கொடுத்ததும் நான்கு போன்களும் ஒன்றாக அலறின. எடுத்தேன், மறுமுனையில் மூச்சுகூட இல்லை. வைத்ததும் மீண்டும் அலறின. அவர் முகம் வெளுத்தது.

“எடுக்கண்டா சாரே! அது ஆளில்ல. எங்கேயோ உள்ள கம்ப்யூட்டர் நம்ம பூட்டுக்கு சாவி போட்டுப் பாக்குது. பாஸ்வேர்டு மாத்தினீங்களா?”

“மறக்காம இருக்கட்டும்னு அந்தந்த போன் நம்பரையே பாஸ்வேர்டா வைக்கச் சொன்னாரே முதலாளி.”

“ஐயோ!” என்று இண்டர்நெட் வயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

“அது உள்ள கேறியாச்சோன்னு அறியில்லையே, சாரே.”

பாஸ்வேர்டையெல்லாம் மாற்றிவிட்டுத்தான் போனார். இன்றும் போன் அடித்தால், என் உள்ளங்கைதான் முதலில் அதன்மேல் போகிறது.